சீ ஹாரியர்: பானெட்டுக்குள் கை விட்டவனின் ரிவ்யூ

கடற்படையில் என் வேலை சீ ஹாரியர் போர் விமானத்தின் எஞ்சின் பக்கம்தான். கோவா ஐ.என்.எஸ். ஹன்சா விமானத் தளத்திலும் விராட் விமானம் தாங்கிக் கப்பலிலும் அதோடு காலம் போனது. இப்போது கோத்தகிரி வாசம். ஓட்டியவர்கள் இதைப் புகழ்ந்து தள்ளுவார்கள். கழுவித் துடைத்தவன் கணக்கு கொஞ்சம் வேறு.

பழைய சீ ஹாக் ஜெட்டுகளுக்குப் பதிலாக, 1983 டிசம்பரில் முதல் மூன்று விமானங்கள் கோவாவின் டபோலிம் வந்தன. பழைய விக்ராந்த் மாதிரி சின்ன விமானம் தாங்கிக் கப்பலுக்கு இது வரப்பிரசாதம். விமானத்தை இழுத்து வீசும் கேட்டபல்ட் எந்திரம் தேவையில்லை, மேல்நோக்கி வளைந்த ஸ்கீ ஜம்ப்பில் ஓடி ஏறிப் பறக்கும், நேராகக் கீழே இறங்கும். விராட்டில் அந்த வளைவு 12 டிகிரி.

சரி, பராமரிப்புக்கு வருவோம். ஒரே பெகாசஸ் எஞ்சின், அதன் காற்றைக் கீழேயும் பின்னாலும் திருப்பிவிடும் நான்கு நாசில் (குழாய் வாய்). எஞ்சினை மாற்ற வேண்டுமென்றால் முதலில் இறக்கையை முழுசாகக் கழற்றித் தூக்க வேண்டும்! இணைப்பு ஒவ்வொன்றையும் பிரித்து, தூக்கி, எஞ்சினை இறக்கி, திரும்ப அதே வரிசையில் பூட்ட வேண்டும். அலையில் ஆடும் கப்பலின் ஹேங்கரில் இதைச் செய்தால் வடிவமைத்தவர் மேல் கோபம்தான் வரும். இதற்கு நடுவில் உப்பு. எங்கள் மலை மூடுபனியில் வெறும் ஈரம்தான்; கடல் காற்று உலோகத்தையே அரிக்கும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரெஸரை நல்ல தண்ணீர் விட்டு அலசிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தரத்தில் நிற்கும்போது எஞ்சின் சூட்டைக் குறைக்க, தாது நீக்கிய தண்ணீரை உள்ளே பாய்ச்சுவார்கள். கொள்ளளவு சுமார் 225 லிட்டர். அது ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். வெயில் ஏறினால் தள்ளுவிசை குறையும். எடை அதிகமென்றால் எரிபொருளைக் கொட்டிவிட்டுத்தான் இறங்க முடியும்.

"அங்கிள், இது ஊட்டி ரேஸ்கோர்ஸ்ல இறங்குமா?" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. குளிர் உதவும். ஆனால் 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, தள்ளுவிசையும் அதற்கேற்பக் குறையும். ஆயுதம் இல்லாமல், டேங்க் கிட்டத்தட்ட காலியாக வந்தால் இறங்கலாம். அப்புறம் புல்லும் மண்ணும் கிளம்பி எஞ்சின் வாய்க்குள் போகும். அதற்கும் என் மாதிரி ஆள்தான் வர வேண்டும்.

பழைய புளூ ஃபாக்ஸ் ரேடார் சுமார்தான். பின்னால் இஸ்ரேலின் எல்டா ரேடாரும் டெர்பி ஏவுகணையும் வந்ததும் வேறு விமானமே ஆனது. அந்த மேம்பாடு பத்து வருஷம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

2016 மே மாதம் விடைபெற்றது. இதை ஓட்டிய 300-வது ஸ்குவாட்ரனுக்கு (விமானப் பிரிவு) மிக்-29கே போர் விமானம் வந்தது. கோவா போனால் போக்மாலோ கடற்படை விமான அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. மூக்கோடு செல்ஃபி எடுத்துவிட்டு வராமல், பக்கவாட்டில் போய்ப் பின் நாசிலுக்குப் பின்னாலுள்ள வெப்பத் தகட்டைப் பாருங்கள். பாதி நாள் எங்கள் வேலை அங்கேதான்.