லைகோ, லீசா, மீர்காட்: எந்த அலை யாரிடம் சிக்கும்?

தென்னாப்பிரிக்காவின் காரூவில் நம் மீர்காட் ரேடியோ தொலைநோக்கி இருக்க, ஈர்ப்பலையைப் பிடிக்க அமெரிக்காவில் கட்டிய லைகோவையே எல்லாரும் கொண்டாடுகிறார்களே என்று டர்பன் தமிழ் நண்பர்களுக்குள் அடிக்கடி ஒரு வாக்குவாதம் கிளம்பும். ஈர்ப்பலை என்பது வெளியையே நீட்டிச் சுருக்கிக்கொண்டு போகும் அலை. எந்த அதிர்வெண்ணில் (நொடிக்கு எத்தனை அலைவு, அதுதான் ஹெர்ட்ஸ்) என்று சேர்த்துக் கேட்டால்தான் இவற்றை ஒப்பிடவே முடியும்.

அமெரிக்காவில் இரண்டு இடங்களில் உள்ள லைகோவின் ஒவ்வொரு கையும் 4 கி.மீ. நீளம். அலை கடக்கும்போது கை நீண்டு சுருங்குவதை உள்ளே போய்வரும் லேசர் ஒளி அளக்கும். 2015 செப்டம்பர் 14 அன்று சிக்கிய முதல் ஈர்ப்பலை 35 ஹெர்ட்ஸில் தொடங்கி 250 வரை ஏறி, கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. பஜனை ஆர்மோனியத்தின் நடுக் கட்டையும் கிட்டத்தட்ட அந்த 250-ல்தான் ஒலிக்கும். லைகோவுக்குத் தோதான இடமும் அந்தப் பக்கம்தான். 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே தரையின் நடுக்கம் எல்லாவற்றையும் மூடிவிடும். லாரி ஓடினாலும் நடுக்கம், கடலலை மோதினாலும் நடுக்கம். மேலே போனாலும் சிக்கல். லேசர் ஒளி கைகளுக்குள் சுமார் 300 தடவை போய்வருகிறது. அது உள்ளே இருக்கும்போதே அலை திசை மாறினால், நீண்ட கை சுருங்கி, சேர்த்த மாற்றம் கழிந்துபோகும். மிஞ்சும் சிக்னல், ஒளித்துகள்கள் ஏறுமாறாக வந்து விழும் இரைச்சலில் அமிழ்ந்துவிடும்.

ஐரோப்பியர்கள் 2035 வாக்கில் விண்வெளிக்கு ஏவப்போகும் ஈர்ப்பலைக் கருவியான லீசாவுக்குத் தரைத் தொல்லை இல்லை. மூன்று விண்கலங்கள், இடையே 25 லட்சம் கி.மீ. அந்தத் தூரம் கடக்க ஒளிக்கே 8 நொடிக்கு மேல் ஆகும். மில்லிஹெர்ட்ஸில் (ஹெர்ட்ஸில் ஆயிரத்தில் ஒன்று) அது ராஜா, 0.1 ஹெர்ட்ஸ் தாண்டினால் லைகோவின் அதே நோய்.

மீர்காட் வேறு ரகம். அதன் 64 டிஷ்களும் ஈர்ப்பலைக்கென்று கட்டப்பட்டவை அல்ல. பல்சார்களின் (ஒழுங்காகச் சுழன்று ரேடியோ துடிப்பு அனுப்பும் நியூட்ரான் விண்மீன்கள்) துடிப்பு, ஈர்ப்பலையால் முன்பின் ஆகாமல் சொன்ன நேரத்துக்கு வருகிறதா என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அதைவிட வேகமாகத் துடிக்கும் அலை நழுவிவிடும். கீழ் எல்லை பொறுமையைப் பொறுத்தது: நாலரை ஆண்டு பார்த்தால் 7 நானோஹெர்ட்ஸ் (நானோ என்றால் நூறு கோடியில் ஒன்று), 15 ஆண்டு பார்த்தால் 2. 2024 டிசம்பரில் 83 பல்சார்களின் நாலரை ஆண்டுத் தரவு வெளியானது. பல மூலங்களின் ஈர்ப்பலைகள் கலந்த பின்னணி அலையின் சாயல் தெரிகிறது. ஆனால் இரைச்சலைக் கணக்கிடும் விதத்தைப் பொறுத்து அதன் பலம் கூடுகிறது, குறைகிறது.

ஊர்ப் பாசத்தைத் தள்ளிவைத்துச் சொன்னால், ஒரு தனி மோதலைப் பிடித்துக் காட்ட லைகோதான். 2017 ஆகஸ்டில் நியூட்ரான் விண்மீன்கள் மோதியதை அது பிடித்த பிறகே நம் சதர்லாந்தின் சால்ட் தொலைநோக்கி அதன் வெளிச்சத்தைப் பார்த்தது. ஆனால் சூரியனைப் போல் கோடிக்கணக்கான மடங்கு கனமுள்ள கருந்துளை ஜோடி ஒரு சுற்று முடிக்க ஆண்டுகள் ஆகும். லைகோவுக்கு அது இருப்பதே தெரியாது; அந்த மெதுவான அலை மீர்காட்டின் வேலை. மீர்காட் நாளை எஸ்கேஏ என்ற பெரிய ரேடியோ தொலைநோக்கியோடு சேர்ந்து 197 டிஷ் ஆனாலும், துடிப்பை இன்னும் துல்லியமாக அளக்கலாமே தவிர, அந்த ஆண்டுகளைக் குறைக்க முடியாது.