ஊட்டிக் குளிரில் எடைப் பயிற்சியும் புரதமும்: நீண்ட நாள் சாப்பிட்டுப் பார்த்ததில் எது தேறியது

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் எடை தூக்குகிறவர்கள் பலரும் புரதப் பட்டியலைக் கோயம்புத்தூர், சென்னைப் பயிற்சியாளர்களிடமிருந்து அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். பட்டியலில் தப்பில்லை. ஆனால் ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேட்டுப்பாளையத்தில் அது 99 டிகிரி. அந்த ஆறேழு டிகிரி குறைவதால்தான் "கொண்டைக்கடலை ஒத்துக்கல, வயிறு உப்புது" என்று பாதிப் பேர் பருப்பு வகையை விட்டுவிட்டு டப்பாப் புரதப் பவுடருக்குப் போகிறார்கள். அரைவேக்காடாக உள்ளே போனால் எந்தக் கடலையும் ஒத்துக்கொள்ளாது.

முதலில் அளவு. பொதுவாக ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 பரிந்துரை. எடைப் பயிற்சி செய்கிறவருக்கு 1.6 கிராம் வைத்துக்கொள்ளலாம். 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். இதை ஒரே வேளையில் கொட்டாமல் நான்கு வேளைக்கு 20 முதல் 30 கிராம் எனப் பிரித்துச் சாப்பிடுவதுதான் வயிற்றுக்கும் தசைக்கும் நல்லது.

இனி பருப்பு, கடலை, பயறு. காசுக்கு இதைவிட லாபமான புரதம் மலையில் கிடையாது; அதிகம் சொதப்புவதும் இதில்தான். குக்கர் இல்லாமல் திறந்த பாத்திரத்தில் ராஜ்மா, கொண்டைக்கடலை வேகவைப்பதை ஊட்டியில் மறந்துவிடுங்கள். கொண்டைக்கடலை வேகாமல் போனால் வாயு. ராஜ்மா வேகாமல் போனால் ஆபத்து: அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு முழுசாக அழிய 100 டிகிரியில் அரை மணி நேரமாவது கொதிக்க வேண்டும், நம் அடுப்பில் திறந்த பானை அந்தச் சூட்டைத் தொடவே தொடாது. அரைவேக்காட்டில் தின்றால் ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி, பேதி வரும். கேஸை மிச்சம் பிடிக்கிறேன் என்று சூடு தாங்கும் ஹாட்பாக்ஸில் மூடிவைத்து ராஜ்மா வேகவைப்பதும் கூடவே கூடாது.

குக்கருக்குள்ளும் கீழ்நாட்டுச் சூடு வராது. சமவெளியில் 120 டிகிரி வருகிற குக்கர் இங்கே 116 டிகிரி அளவில் நிற்கும். அதனால் விசிலை எண்ணாதீர்கள், நிமிடத்தை எண்ணுங்கள். தீயின் அளவைப் பொறுத்து விசில் மாறிக்கொண்டே இருக்கும். ஊறவைக்கும்போது முதல் தண்ணீரை வெந்நீராக ஊற்றுங்கள். குளிர் தண்ணீரில் ராத்திரி முழுக்கக் கிடந்தாலும் கடலையின் நடு ஊறாது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும். முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து ராஜ்மாவுக்கு 25 நிமிடம், கொண்டைக்கடலைக்கு 30, துவரம்பருப்புக்கு 12. ஆவி தானாக அடங்கட்டும். பிறகு ஒரு கடலையை எடுத்து நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெள்ளையாக, மாவாகத் தெரிந்தால் இன்னும் பத்து நிமிடம் வேண்டும். புளியும் தக்காளியும் கடலை வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். புளிப்பு முன்பே சேர்ந்தால் தோல் இறுகிவிடும். ஒரு வருடம் கிடந்த பழைய கடலை என்ன செய்தாலும் மசியாது, வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

கணக்கில் எல்லோரும் இடறுவது இன்னொரு இடம். துவரம்பருப்பு 100 கிராமில் 22 கிராம் புரதம் என்பது காய்ந்த பருப்புக்கு. ஒரு கரண்டி சாம்பாரில் இருக்கிற பருப்பு 10, 15 கிராம்தான், புரதம் 3 கிராம். சாம்பாரை நம்பி எடை தூக்க முடியாது. கூட்டாகவோ கெட்டிப் பருப்பாகவோ தலைக்கு 50 கிராம் பருப்பு விழ வேண்டும். மார்க்கெட்டில் கிடைக்கும் பச்சை பட்டர் பீன்ஸ், உரித்த பட்டாணி, அவரைக் கொட்டையும் அப்படித்தான். ருசி அபாரம், ஆனால் பட்டர் பீன்ஸ் பச்சையில் 7 கிராம்தான், காய்ந்தால் 21. நீலகிரிப் படகர் சமூகத்து வீடுகளில் வைக்கும் அவரை உதக்கவும் (அவரைக் குழம்பு) ராகிக் களியும் எடை தூக்குகிறவருக்கு உண்மையாகவே நல்ல ஜோடி. அவரையில் குறைவான மெத்தியோனைனை ராகி கொடுக்கும், ராகியில் குறைவான லைசினை அவரை கொடுக்கும்; இரண்டும் புரதத்தில் உள்ள அமினோ அமிலங்கள்.

பச்சைப்பயறு முளைகட்டினால் புரதம் கூடும் என்பது சரியில்லை. தண்ணீர் ஏறுவதால் 100 கிராமுக்கு எண்ணிக்கை குறையத்தான் செய்யும். ஜனவரிக் குளிரில் முளைவர இரண்டு நாள் எடுக்கும். துணி வழுவழுப்பாகி வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள். நல்ல முளையையும் ஐந்து நிமிடம் ஆவி காட்டியே சாப்பிடுங்கள்.

தினசரிக்கு என் முதல் தேர்வு முட்டைதான். ஒன்றில் 6 கிராம், மஞ்சளோடு சேர்த்து. ஊட்டியில் கொதித்த பிறகு 12, 13 நிமிடம் விட்டால்தான் மஞ்சள் இறுகும். பச்சையாகக் குடிக்காதீர்கள்: வேகவைத்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் அளவுக்கு உடம்பில் ஏறும், பச்சையில் ஏறக்குறைய பாதிதான்.

பாலில் 200 மில்லிக்கு 6.5 கிராம், தயிரிலும் அவ்வளவே. இங்கே தயிர் உறைவதுதான் பெரும்பாடு. பாலைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, உறை சற்றுக் கூடுதலாக விட்டு, ஹாட்பாக்ஸில் வைத்துக் கம்பளி சுற்றி அடுப்படியிலேயே விடுங்கள். காலையில் கெட்டியாக இருக்கும்.

கோழி எலும்போடு ஒரு கிலோ வாங்கினால் சதை 600, 650 கிராம்தான் தேறும். அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். நெஞ்சுக்கறி பச்சை எடையில் 100 கிராமுக்கு 23. மத்தியும் அயிலையும் அருமையான புரதம்தான், ஆனால் மலையேறி வரும்போதே நேரமாகிவிடுகிறது. செவுள் சிவப்பாக, கண் தெளிவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

சைவத்துக்கு சோயா உருண்டைக்கு நிகர் இல்லை. காய்ந்த 40 கிராமில் 21 கிராம் புரதம். உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, இரண்டு தடவை பிழிந்துவிட்டால் அந்தப் பச்சை வாடை போய்விடும். ஒரு நாளைக்கு அந்த 40 கிராமுக்கு மேல் போனால் வயிறு கனக்கும். காளானை இறைச்சிக்கு ஈடு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு: 100 கிராமில் 3 கிராம்தான். மலைச் சீஸ் ஒரு துண்டு, 30 கிராம், 7 கிராம் கொடுக்கும். கூடவே உப்பும் கொழுப்பும் வரும்.

வேர்க்கடலை 30 கிராமில் 7.5 கிராம். மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும், அதில் வரும் அஃப்லாடாக்சின் ஈரலுக்குக் கேடு. கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். சுருங்கியது, கறுத்தது, கசக்கிறது எல்லாம் குப்பைக்கு. வறுத்தாலும் அந்த நச்சு முழுசாகப் போகாது.

பாலிலிருந்து எடுக்கும் வே (whey) புரத பவுடர் 30 கிராம் கரண்டியில் 24 கிராம் வரை தரும். நேரமில்லாத நாளுக்கு உதவும், அவ்வளவுதான். கொதிக்கும் பாலில் போட்டால் திரிதிரியாகும், ஐஸ் மாதிரி தண்ணீரில் போட்டால் கட்டி தட்டும். வெதுவெதுப்பான தண்ணீரே சரி.

60 கிலோ ஆளுக்கு ஒரு நாள் இப்படி அமையும். காலையில் மூன்று முட்டை, ஒரு டம்ளர் பால், இரண்டு இட்லி: 28 கிராம். மதியம் சோறு, 50 கிராம் பருப்பில் கெட்டிக் கூட்டு, ஒரு கிண்ணம் தயிர்: 25. பயிற்சி முடிந்து வேர்க்கடலையும் பாலும்: 14. இரவு மூன்று சப்பாத்தியும் 40 கிராம் சோயாவும்: 31. மொத்தம் 98. டீயை இந்தச் சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை அது பிடித்துவைத்துவிடும். குளிரில் தாகம் தெரியாது, அதனால் தண்ணீரை அளந்து வைத்துக் குடியுங்கள், இல்லாவிட்டால் மலச்சிக்கல் வரும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இந்த அளவுக்குப் புரதத்தை ஏற்றக் கூடாது.