மார்ஃபின் உண்டா, ராத்திரியில் போனை எடுப்பார்களா?

ஏசி அறை உண்டா, கட்டில் வாடகை எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஒருவருக்குப் பாலியேட்டிவ் கேர் (நோயைக் குணமாக்க முடியாதபோது வலியையும் அவஸ்தையையும் குறைக்கிற கவனிப்பு) தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, "உங்களிடம் மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா?" என்று. கடும் வலிக்குக் கொடுக்கிற, அபினிலிருந்து எடுக்கும் மருந்து அது. அடுத்தது, "ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள்?" நான் மின்வாரியத்தில் புகார்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டாவது கேள்வியின் அருமை எனக்கு நன்றாகவே தெரியும்.

அண்ணனுக்கு வாய்ப் புற்றுநோய். மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர்; வெற்றிலை, புகையிலை இரண்டும் உண்டு. கதிர்வீச்சு, கீமோ எல்லாம் முடிந்து, கழுத்துக் கட்டி உடைந்து புண்ணான பிறகு, "வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை.

முதலில் ஒரு தனியார் ஹோம் நர்சிங் ஏஜென்சியைப் பிடித்தோம். பெயர் வேண்டாம். முன்பணம் தனி; 24 மணி நேர ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,200 ரூபாய்; சாப்பாடு நம்முடையது. வந்த பெண் நல்ல பெண்தான். முகம் சுளிக்காமல் டயப்பர் மாற்றுவார், உடம்பு துடைத்துவிடுவார். ஆனால் பில்லில் 'நர்ஸ்' என்று போட்டிருந்தார்கள். மூக்கு டியூபில் கஞ்சி ஊற்றும்போது தலைமாட்டை உயர்த்த வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. அண்ணன் வலியில் துடித்தால், "டோலோ கொடுக்கட்டுமா சார்?" என்பார். ராத்திரி ஏஜென்சி நம்பரை அடித்தால் பாட்டு ஓடும்.

அதன் பிறகு வந்ததுதான் நான் எழுத நினைக்கும் டிரஸ்ட். வடசென்னையில் சில பகுதிகளுக்கு மட்டும் போகிற சின்னக் குழு. ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், ஒரு வேன். இருக்கிற வீடுகளுக்கே ஓட முடியாமல் ஓடுகிறார்கள், அதனால்தான் இங்கே பெயர் போடவில்லை. நீங்கள் எந்தக் குழுவைக் கூப்பிட்டாலும் உங்கள் பின்கோடைச் சொல்லி, அங்கே வருவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஊர் முழுக்கப் போவோம் என்கிறவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

முதல் நாள் டாக்டர் புண்ணைப் பார்க்கவில்லை, ஃபைலையும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "ராத்திரி தூங்குறீங்களா?" என்றார். அண்ணனால் பேச முடியாது, நோட்டில் எழுதுவார். 'இல்லை' என்று எழுதினார். அன்றைக்கே மார்ஃபின் ஆரம்பமானது. நாலு மணி நேரத்துக்கு ஒரு 10 மில்லிகிராம் மாத்திரை, பொடித்துக் கரைத்து டியூப் வழியாக. நடுராத்திரி எழுப்ப வேண்டாம் என்பதற்காகப் படுக்கும்போது இரண்டு. கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. இதைக் கேட்காமலே எழுதுகிற டாக்டருக்கு மார்ஃபின் கொடுத்துப் பழக்கம் இருக்கிறது என்று அர்த்தம்.

அண்ணிக்கு ஒரே பயம், போதைக்கு அடிமையாகிவிடுவாரோ என்று. வலிக்காக அளவோடு கொடுக்கும்போது அப்படி ஆவது அபூர்வம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். நம் நாட்டில் இந்தப் பயம் வீடுகளோடு நிற்கவில்லை. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, மார்ஃபின் வைத்துக்கொள்ள ஒரு மருத்துவமனை பல அலுவலகங்களில் பல லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. 2014-இல்தான் சட்டத்தைத் திருத்தி அதை எளிதாக்கினார்கள். இன்றைக்கும் தெருமுனை மெடிக்கலில் கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அனுமதி பெற்ற இடத்தில்தான் வாங்க வேண்டும்.

அண்ணன் அந்த நோட்டில், கண்டக்டர்கள் டிக்கெட் கணக்கு எழுதும் டிரிப் ஷீட் போலவே கோடு போட்டு வைத்துக்கொண்டார். மாத்திரை நேரம் ஒரு கட்டம், பத்துக்கு எவ்வளவு வலி என்பது அடுத்த கட்டம். நர்ஸ் வந்ததும் முதலில் அதைத்தான் வாங்கிப் பார்ப்பார். ஒன்பது என்று இருந்த எண் அந்த வாரமே மூன்றுக்கு வந்தது.

புண்ணின் நாற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. சொந்தக்காரர்கள் வாசலோடு விசாரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஊதுபத்தி, டெட்டால், எதற்கும் அடங்கவில்லை. நர்ஸ் கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையை நுணுக்கித் தூவிக் கட்டுப் போட்டார். அண்ணியையும் போடச் சொல்லிப் பழக்கினார். கொஞ்ச நாளில் பேரப்பிள்ளை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்க்கிற அளவுக்கு ஆனது. மாத்திரை விலை ஒன்றும் பெரிதில்லை.

இன்னொரு நாள் நர்ஸ் அண்ணியைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், "மெரூன் கலரில் பெரிய டவல் இருக்காம்மா?" என்று கேட்டார். எதற்கு என்றாள் அண்ணி. "கழுத்துப் புண், சில பேருக்குத் திடீரென்று ரத்தம் வரலாம். வெள்ளைத் துணியில் பார்த்தால் அவரும் பயப்படுவார், நீங்களும் பயப்படுவீங்க. கலர் டவலால் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு எனக்குப் போன் போடுங்க." கடைசி வரை அது தேவைப்படவில்லை. ஆனால் அதன் பிறகு அண்ணி அந்த நர்ஸைத் தவிர வேறு யார் பேச்சையும் கேட்கவில்லை.

என் அண்ணன் மகன், "அப்பாகிட்ட எதையும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று கேட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் சரி என்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. "அவர் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். அண்ணன் கேட்டேவிட்டார், 'எத்தனை மாசம்?' என்று எழுதிக் காட்டினார். "மாசக் கணக்கு இல்லைங்க, வாரக் கணக்குதான்." அன்று சாயந்திரமே அண்ணன் பென்ஷன் புத்தகத்தை எடுக்கச் சொல்லி, குடும்ப ஓய்வூதியத்துக்கு என்னென்ன காகிதம் என்று மகனுக்கு எழுதிக் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான். ஞாயிற்றுக்கிழமை யாரும் வரமாட்டார்கள், போன் மட்டும்தான். மார்ஃபினுக்கு ஒவ்வொரு முறையும் சீட்டும் அடையாள அட்டையுமாக நாமே நேரில் போய் நிற்க வேண்டும். அவர்களிடம் ஆயா கிடையாது. கூட இருந்து பார்க்க வீட்டில் ஆள் இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு சரிப்படாது.

அப்படிப்பட்டவர்கள் சேர்த்துக்கொள்ளும் இடம் பார்க்க வேண்டும். மணலி பக்கம் மாத்தூரில் இருக்கும் ஜீவோதயா என்ற இல்லம் புற்றுநோயாளிகளுக்கானது, கட்டணம் வாங்குவதில்லை. பக்கவாதம், முதுமை என்று படுத்திருப்பவர்களுக்கு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம்; வீட்டுக்கே நர்சும் பிசியோதெரபிஸ்டும் வருவார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். காசு கொடுத்து ஏஜென்சிக்குப் போவதற்கு முன் அங்கே ஒரு நடை போய்வரலாம்.

கடைசி நாட்களில் சொந்தபந்தம் எல்லாம் கூடி, "குளுக்கோஸாவது ஏத்தக் கூடாதா, பட்டினி போட்டுக் கொல்றீங்களா?" என்று ஆரம்பித்தார்கள். அவர்களோடு நான் வாதாடவில்லை, நர்ஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டேன். இப்போது தண்ணீர் ஏற்றினால் நெஞ்சில் சளி கட்டும், கால் வீங்கும், மூச்சுத் திணறும். வாயைப் பஞ்சால் நனைத்து விடுங்கள், போதும் என்றார். அத்தை பஞ்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இப்படிப்பட்ட குழுவிடம் சேரும்போதே இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: வீட்டில் உயிர் போனால் சான்று யார் கொடுப்பார்கள்? மயானத்தில் அதைக் கேட்பார்கள், இறப்பைப் பதிவு செய்யவும் வேண்டும். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. தெரியாத டாக்டரைத் தேடி அந்த நேரத்தில் அலைய முடியாது. அண்ணன் விடியற்காலையில் போனார். நர்ஸ் இரண்டாவது ரிங்கில் எடுத்தார், டாக்டர் ஏழு மணிக்குள் வந்து எழுதிக் கொடுத்துவிட்டார்.

கட்டணம் என்று எதுவும் கேட்கவில்லை. படுக்கைப் புண் வராமலிருக்க ஏர் பெட்டை (காற்று மெத்தை) இரவலாகக் கொடுத்திருந்தார்கள், திருப்பி எடுத்துக்கொண்டார்கள். மீந்த மார்ஃபினை எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நன்கொடைக்கு ரசீது உண்டு. ஒரு மாதம் கழித்து நர்ஸ் அண்ணியைப் பார்க்க வந்து, சுகர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இந்த டிரஸ்டுக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது ஞாயிற்றுக்கிழமைக்காக. அவர்களிடமே சொன்னேன். "டிரைவருக்கும் ஒரு நாள் லீவு வேணுமே சார்" என்றார்கள்.