எடின்பரோவில் பழைய சிங்கிள் மால்ட் விஸ்கி குடிக்கப் போகிறவர்களுக்கு: பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள்

மச்சானுக்கு ஐம்பது வயதானதை எடின்பரோவில் கொண்டாடினோம். 25 வருட சிங்கிள் மால்ட்டை, அதாவது ஒரே டிஸ்டில்லரியில் (வடிசாலையில்) மால்ட் பார்லியிலிருந்து வடித்த விஸ்கியை, ஒருதடவையாவது ருசித்துவிட வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் நெடுநாள் ஆசை. ராயல் மைல் தெருவை ஒட்டிய ஒரு பாரில் 25 மில்லி 65 பவுண்டு என்று போட்டிருந்தது. ஆளுக்கு ஒன்று சொன்னோம்.

உள்ளே எங்கேயோ ஊற்றி எடுத்து வந்தார்கள். கேட்காமலே ஐஸ் வேறு. "நிறத்தைப் பாருங்கள், எத்தனை அடர்த்தி! அதுதான் வயசு" என்றார் பணியாளர். நம்பிக் குடித்தோம். நாக்கில் கொஞ்சம் இனிப்பு, தொண்டையில் எரிச்சல், அவ்வளவுதான். "இதுக்கா மச்சான் இத்தனை வருஷம் காத்திருந்தோம்?" என்றவனின் முகம் சுண்டிப்போயிருந்தது.

பில் 260 பவுண்டு. ஆளுக்கு 50 மில்லி ஊற்றினார்களாம். யார் கேட்டது? பாட்டிலைக் காட்டச் சொன்னேன். தீர்ந்துவிட்டது, தூக்கிப் போட்டாயிற்று என்றார்கள். மச்சான் நகரவில்லை. கடைசியில் வந்த பாட்டிலில் அதே டிஸ்டில்லரியின் பெயர், கீழே 12 என்ற எண். மெனுவில் அது 25 மில்லி 7 பவுண்டு. "மாறிப்போச்சு" என்று சொல்லிப் பாதிப் பணத்தைத்தான் திருப்பினார்கள். 28 பவுண்டு சரக்குக்கு 130 பவுண்டு அழுதிருக்கிறோம்.

நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். ஸ்காட்ச்சில் கேரமல் நிறமி சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது. வயதுக்குச் சாட்சி லேபிள் மட்டும்தான். அதில் உள்ள எண், பீப்பாய்களில் ஊறிக் கலந்த விஸ்கிகளில் மிக இளையதன் வயது. பாட்டிலில் அடைத்தபின் வயது ஏறாது, ஆகவே முப்பது வருடம் அலமாரியில் இருந்த 12, இன்றும் 12தான். ஐஸ் போட்டால் மணம் அடங்கிவிடும், வித்தியாசம் பிடிபடாது. ராவாக வாங்கி, வேண்டுமானால் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பிரிட்டனில் விஸ்கியை 25 அல்லது 35 மில்லி, இல்லாவிட்டால் அவற்றின் மடங்குகளில்தான் விற்கலாம். எந்த அளவு என்பதை பாரில் எழுதி வைத்திருக்க வேண்டும். உங்கள் கண்ணெதிரே அளந்து ஊற்றச் சொல்லுங்கள்.

2017இல் சுவிட்சர்லாந்து ஹோட்டல் ஒன்றில் 1878 என்று லேபிள் ஒட்டிய மெக்காலன் விஸ்கியைச் சீன எழுத்தாளர் ஒருவர் ஏறத்தாழ 10,000 பிராங்க் கொடுத்துக் குடித்தார். ஆய்வில் அது 1970களின் சரக்கு என்று தெரிந்தது. அந்த ஹோட்டல் முழுப் பணத்தையும் திருப்பியது. எங்கள் மீதி 130 பவுண்டுக்காக, பில்லையும் லேபிள் போட்டோவையும் சேர்த்து உள்ளூர் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் (வணிக மோசடிகளைக் கவனிக்கும்) பிரிவுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன்.