கொம்பியேன் போர்நிறுத்த நினைவகம்: பெட்டியைப் பார்ப்பதற்கு முன் 34 ஷரத்துகளைப் படியுங்கள்

பாரிஸுக்கு வடகிழக்கே சுமார் 80 கி.மீ. தள்ளி, கொம்பியேன் காட்டுக்குள் இருக்கிறது இந்த நினைவகம். போகிறவர்களில் பலருக்கு இரண்டு குழப்பம் உண்டு. முதல் உலகப் போரின் சமாதான ஒப்பந்தம் இங்கேதான் கையெழுத்தானது என்பது ஒன்று. அது 1919 ஜூன் 28 அன்று வெர்சாய் அரண்மனையில் நடந்தது. இங்கே, ஒரு ரயில் பெட்டிக்குள், 1918 நவம்பர் 11 விடியற்காலையில் கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டுமே. உள்ளே நிற்கும் ரயில் பெட்டி அன்றைய பெட்டி என்பது இன்னொன்று. அசல் பெட்டி 2419டி. அதை 1940இல் ஜெர்மானியர்கள் பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள். 1945இல் துரிங்கியாவின் கிராவின்கெல் என்ற ஊரில் அது அழிந்தது. இப்போது இருப்பது அதே வரிசையில் செய்யப்பட்ட 2439டி. 1950 முதல் பழைய எண்ணை மாட்டிக்கொண்டு நிற்கிறது. அருங்காட்சியகம் இதை மறைப்பதில்லை.

பெட்டிக்குள் ஏற விடமாட்டார்கள். சன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். மேசையும் நாற்காலிகளும் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதைக் காட்டுகின்றன. நேச நாடுகளின் பக்கம் பிரெஞ்சு மார்ஷல் ஃபோஷ், அவருடைய பணியாளர் தலைவர் ஜெனரல் வேகாண், பிரிட்டிஷ் அட்மிரல் வெமிஸ். அமெரிக்கர் ஒருவரும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் ஜெர்மன் குழுவின் தலைவர் மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு சுற்றினால் இடம் முழுவதும் வேறு மாதிரித் தெரியும்.

எர்ட்ஸ்பெர்கர் ராணுவத்தார் அல்லர். கத்தோலிக்க மையக் கட்சியின் அரசியல்வாதி. போரை நடத்திய தளபதிகள் ஹிண்டன்பர்க்கும் லூடென்டோர்ஃபும்தான் 1918 செப்டம்பர் இறுதியில் சண்டையை உடனே நிறுத்தக் கேளுங்கள் என்று அரசை நெருக்கியவர்கள். கையெழுத்துப் போட அவர்கள் வரவில்லை. நிபந்தனைகளை ஏற்க ஃபோஷ் 72 மணி நேரம் கெடு கொடுத்தார். அதற்குள் ஜெர்மன் பேரரசர் கைசர் முடி துறந்தார், பெர்லினில் ஆட்சி மாறியது. நிபந்தனைகளைத் தளர்த்த முடியாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற செய்தி ராணுவத் தலைமையிடமிருந்தே வந்தது. ஓராண்டு கழித்து, 1919 நவம்பரில், நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் அதே ஹிண்டன்பர்க், ஜெர்மன் ராணுவம் முதுகில் குத்தப்பட்டது என்று வாசித்தார். குத்தியவர்களாகச் சுட்டப்பட்டது எர்ட்ஸ்பெர்கரைப் போன்றவர்கள். 1921 ஆகஸ்டில் தீவிர வலதுசாரிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஹிண்டன்பர்க் 1925இல் குடியரசுத் தலைவரானார். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லரைப் பிரதமராக நியமித்ததும் அவர்தான். தோற்றவன் கையெழுத்துப் போடவில்லை, போட்டவன் பழி சுமந்தான். அடுத்த போருக்கான காரணங்களில் இழப்பீட்டுத் தொகையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இந்த நாற்காலியைப் பற்றிப் பேசுவது குறைவு.

போவதற்கு முன் போர்நிறுத்த ஆவணத்தின் 34 ஷரத்துகளை இணையத்தில் எடுத்துப் படித்துவிடுங்கள். அரை மணி நேரம் போதும். ஜெர்மனி ஒப்படைக்க வேண்டிய ராணுவத் தளவாடக் கணக்குதான் அதிகம்: 5,000 பீரங்கிகள், 25,000 இயந்திரத் துப்பாக்கிகள், 1,700 விமானங்கள், 5,000 ரயில் எஞ்சின்கள், 1,50,000 ரயில் பெட்டிகள். முதலில் கேட்டது 30,000 இயந்திரத் துப்பாக்கி, 2,000 விமானம். உள்நாட்டுக் கலகத்தை அடக்க ஆயுதம் வேண்டும் என்று ஜெர்மன் குழு மன்றாடியதால் குறைத்தார்கள். பெல்ஜியம், பிரான்ஸ், லக்ஸம்பர்க், அல்சேஸ்-லொரேன் ஆகியவற்றிலிருந்து ஜெர்மன் படைகள் 15 நாளில் வெளியேற வேண்டும். ரைன் நதியின் இடக்கரையை நேச நாட்டுப் படைகள் பிடிக்கும். மைன்ஸ், கோப்லென்ஸ், கொலோன் நகரங்களுக்கு எதிரே ஆற்றைத் தாண்டியும் 30 கி.மீ. வரை.

உன்னிப்பாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. 26ஆம் ஷரத்து ஜெர்மனி மீதான கடல் முற்றுகையைத் தொடர அனுமதிக்கிறது. சண்டை நின்ற பிறகும் முற்றுகை 1919 ஜூலை வரை முழுமையாக விலகவில்லை. பட்டினியோடு சமாதானம் வந்தது என்ற கசப்பு ஜெர்மன் வீடுகளில் தங்கியது. 12ஆம் ஷரத்து இன்னும் விபரீதம். பழைய ரஷ்யப் பேரரசின் பகுதிகளில் இருந்த ஜெர்மன் படைகள், நேச நாடுகள் தகுந்த நேரம் என்று கருதும்போது திரும்பினால் போதும் என்கிறது. ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்திருந்த போல்ஷெவிக் கம்யூனிஸ்டுகளுக்கு அணையாக இருக்கட்டும் என்ற கணக்கு. அதன் நிழலில்தான் ஃப்ரைகோர் என்ற ஜெர்மன் தன்னார்வப் படைகள் பால்டிக் பகுதியில் தழைத்தன. 1919 மே மாதம் ரீகா நகரத்தையே பிடித்தன. மேற்கே துப்பாக்கி ஓய்ந்த பிறகும் கிழக்கே சண்டை நிற்காததற்கு இந்த ஒரு வரியும் ஒரு காரணம்.

வெளியே, திறந்தவெளியின் நடுவில் இருக்கும் கல்வெட்டை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். ஜெர்மன் பேரரசின் குற்றமிகு செருக்கு இங்கே வீழ்ந்தது, அது அடிமைப்படுத்த நினைத்த சுதந்திர மக்களால் தோற்கடிக்கப்பட்டது என்று பிரெஞ்சில் பொறித்திருக்கிறது. இந்த வெளி 1922 நவம்பர் 11 அன்று திறக்கப்பட்டது. நுழைவில் இருக்கும் அல்சேஸ்-லொரேன் சின்னத்தில் வாளால் வீழ்ந்து கிடப்பது ஜெர்மன் கழுகு. வென்றவர் மகிழ்ச்சிக்கு எழுதிய வரிகள், தோற்றவர் மனத்தில் வேறு மாதிரி பதியும். 1940 ஜூன் 21 அன்று ஹிட்லர் இங்கே வந்தார். பெட்டி இருந்த கட்டடத்தின் சுவரை இடித்து அதை வெளியே இழுத்து, 1918இல் நின்ற இடத்திலேயே நிறுத்தச் சொன்னார். மறுநாள் பிரெஞ்சுத் தரப்பில் ஜெனரல் உன்ட்ஸிகெரும் ஜெர்மன் தரப்பில் கைட்டெலும், தோற்ற பிரான்ஸுக்கான போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டார்கள். பிறகு இடத்தையே தகர்த்தார்கள். ஃபோஷின் சிலையை மட்டும் விட்டுவைத்தார்கள்: வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு அவர் நிற்க வேண்டுமாம்.

நினைவகத்தின் பலம், மரப்பெட்டிகளில் கண் வைத்துப் பார்க்கும் முப்பரிமாணப் படங்கள். கண்ணாடித் தகடுகளில் எடுத்த நூற்றுக்கணக்கான போர்க்களக் காட்சிகள் உள்ளன. பதுங்குகுழியின் ஆழம் பாடநூல் படத்தில் தெரியாது, இதில் தெரியும். நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கலாம். பலவீனம், இடத்தின் இயல்பிலேயே இருக்கிறது: இது ஒரு தேதியைக் கொண்டாடும் இடம், ஒப்பந்தத்தின் விளைவைப் பிரித்துக் காட்டும் இடமன்று. போர்ப் பொறுப்பை ஜெர்மனி மீது சுமத்திய வெர்சாயின் 231ஆம் ஷரத்து, ஜெர்மனியிலிருந்து பிரிக்கப்பட்ட டான்சிக் நகரம், படை விலக்கப்பட்ட ரைன்லாந்து ஆகியவற்றைத் தேடி இங்கே வந்தால் ஏமாற்றம்தான். மறைந்துபோன பெட்டியின் நாடகம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது.

போகும் வழி: பாரிஸ் கார் து நோர் நிலையத்திலிருந்து கொம்பியேனுக்கு ரயில், ஒரு மணி நேரத்துக்குள். நிலையத்திலிருந்து நினைவகம் காட்டுவழியே ஆறேழு கி.மீ. டாக்ஸி, அல்லது சைக்கிள். கையில் சாப்பாடு இருப்பது நல்லது. கார் து நோரை ஒட்டியே லா ஷப்பல் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. காலையில் ரோல்ஸும் தண்ணீரும் வாங்கிக்கொண்டு ரயில் ஏறலாம். திறக்கும் நாள்களும் கட்டணமும் மாறுபவை, இணையதளத்தில் பார்த்துக்கொள்ளவும். நவம்பர் 11 அன்று அரசு விழா நடக்கும். நிதானமாகப் பார்க்க அந்த நாள் ஆகாது.

இன்னொரு நாள் கையில் இருந்தால் ரேம்ஸ் நகரத்தின் சரணடைவு அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1945 மே 7 அன்று அங்கே ஒரு பள்ளிக்கூட அறையில் ஜெர்மனியின் சரணடைவில் கையெழுத்திட்டவர் ஜெனரல் யோடல். மறுநாள் இரவு பெர்லினின் கார்ல்ஸ்ஹோர்ஸ்டில் ஜெர்மன் தரப்பில் தரைப்படை, கடற்படை, வான்படை மூன்றின் சார்பிலும் கையெழுத்து வாங்கினார்கள். அவர்களில் ஒருவர், கொம்பியேனில் 1940இல் கையெழுத்துப் போட்ட அதே கைட்டெல். இந்த முறை பழியை ஏற்றிவைக்க ஓர் எர்ட்ஸ்பெர்கர் கிடைக்கவில்லை.