ஆலப்புழை ஒற்றை அறைப் படகு வீடு: இரண்டு இரவு கட்டிக் கிடக்க

ஆலப்புழையில் படகு வீடு எடுப்பவர்கள் பெரும்பாலும் ஓர் இரவுத் திட்டத்தில்தான் ஏறுகிறார்கள். நண்பகல் 12 மணிக்கு ஏறி மறுநாள் காலை 9 மணிக்கு இறங்க வேண்டும். புன்னமடைக் காயலைச் சுற்றிவிட்டு மாலை ஐந்தரை வாக்கில் கரை சேர்த்துவிடுவார்கள். அதற்குமேல் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம், படகு வீடு ஓடக் கூடாது. ஆற்றில் சும்மா இருக்க ஆசைப்படுகிறவருக்கு இது போதவே போதாது. ஒற்றை அறைப் படகை இரண்டு இரவுக்கு எடுங்கள். நடுவில் வரும் முழுப் பகலும் படகு கட்டியே கிடக்கட்டும். அன்று எஞ்சின் டீசல் மிச்சம் என்பதால் வாடகையையும் பேசிக் குறைக்கலாம்.

படகை எங்கே கட்டுகிறார்கள் என்பதை முன்பதிவின்போதே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே பெரும்பாலும் நங்கூரம் போடுவதில்லை. கரைத் தென்னையிலோ அடித்த முளையிலோ முன்னும் பின்னும் கயிறு கட்டுவார்கள். படகுகள் வரிசையாக நிற்கும் துறையில் கட்டினால் உங்கள் ஜெனரேட்டரை அணைத்தும் பயனில்லை, பக்கத்துப் படகின் புகை அறைக்குள் வரும். பம்பையாற்றில் நெடுமுடி, கைனகரிப் பக்கம் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். கயிறு விறைப்பாக இருந்தால் நீர்ப்போக்குவரத்துத் துறைப் படகு கடக்கும்போதெல்லாம் வெடுக்கென்று இழுக்கும். கொஞ்சம் தளர்வு விட்டு, கரைக்கும் படகுக்கும் இடையில் பழைய டயர் தொங்கவிட்டால் போதும்.

அடுத்தது ஜெனரேட்டர். சாதாரணக் கட்டணத்தில் ஏசி இரவு 9 முதல் காலை 6 வரைதான். ஒற்றை அறைப் படகில் சமையல்கட்டு பின்பக்கம்; ஜெனரேட்டரும் அங்கேயே இருந்தால் அதன் அதிர்வு கட்டிலுக்கே வரும். சில படகுகளில் அதைச் சிறு வள்ளத்தில் வைத்துத் தனியே மிதக்கவிடுகிறார்கள், அது எவ்வளவோ மேல். டிசம்பர், ஜனவரி இரவுகளுக்கு இன்வெர்ட்டரில் ஓடும் மின்விசிறியும் கொசுவலையும் போதும். பொழுது சாயும் நேரத்தில் கொசு அதிகம். ஆறு மணிக்குள் அறைச் சன்னல்களைச் சாத்திவிட வேண்டும்.

நவம்பரில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆலப்புழையைச் சுற்றிய குட்டநாட்டில் 'புஞ்ச' எனப்படும் நெற்பருவ விதைப்புக்காக, வயல் நீரை ஆற்றுக்குள் இறைக்கும் 'பெட்டியும் பறையும்' என்ற மோட்டார் இறைப்பான் இரவு பகலாக ஓடும். அதன் அருகே கட்டினால் தூக்கம் போச்சு. ஜனவரியில் அந்தத் தொல்லை குறைவு, வயலும் பச்சை பிடித்திருக்கும். குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்துக்கும் கீழே இருப்பதால், முன்தளத்து நாற்காலியில் உட்கார்ந்து வரப்புக்கு அப்பால் பார்த்தால் நெற்பயிர் ஆற்றுநீரைவிடத் தாழ்வாகத் தெரியும். இந்தக் காட்சிக்காகவே ஜனவரியில் வரலாம். தண்ணீர்முக்கம் அணை அடைத்திருக்கும் மாதங்களில் உப்புநீர் ஏறாமல் ஆகாயத்தாமரை மண்டும். குறுகிய கால்வாயில் அது புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளும். ஆகவே ஆறு அகலமாக உள்ள இடத்துக் கரையே நல்லது.

சாப்பாடு குறை சொல்ல முடியாதது: மட்டை அரிசிச் சோறு, தோரன், பொரித்த கரிமீன். இரண்டாம் நாளும் அதே வரும். வேண்டாமென்றால் முதல் நாளே சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

ஏறியதும் முன்பணம் தவிர மீதியைக் கொடுப்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: படகின் பக்கவாட்டில் பதிவு எண், ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை, மேல்தொட்டி நிறையத் தண்ணீர். தொட்டி பாதிதான் இருந்தால், நீர் நிரப்ப இரண்டாம் நாள் படகைத் துறைக்குத் திருப்புவார்கள். அரைப் பகல் அதிலேயே போய்விடும்.