புஷ்ரா அல்முதவக்கல், லாரா புஷ்னாக்: இரண்டு வழிகள்

ஏமனின் புகைப்படக் கலைஞர் புஷ்ரா அல்முதவக்கல் 2010-இல் எடுத்த ‘தாய், மகள், பொம்மை’ திட்டமிட்டு அமைத்த படவரிசை. முதல் படத்தில் மூவரும் வண்ண உடையில் சிரிக்கிறார்கள். படத்துக்குப் படம் உடலை மூடும் துணி கூடி, சிரிப்பு குறைந்து, கடைசியில் ஆளே இல்லை, கறுப்பு மட்டும். சிறுமிகளையும் மூடவைக்கும் தீவிரத்தைத்தான் அவர் விமர்சிக்கிறார்.

இம்முறையில் படமெடுக்கும்போது கேமராவைத் தாங்கும் முக்காலி, தூரம், விளக்கு எதுவும் அசையக்கூடாது. அசைந்தால் கண் துணியை விட்டு அந்த வித்தியாசத்தைத் தேடும். எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை) கையால் பூட்டுங்கள். தானியங்கியில் விட்டால், கறுப்பு கூடக்கூட கேமரா வெளிச்சத்தை ஏற்றி அதைச் சாம்பலாக்கிவிடும். பெரிய ஆபத்து வேறு: ஒரே ஒரு படத்தைப் பிரித்துப் பகிர்ந்தால் அது மதத்தின் மீதான தாக்குதலாகப் படிக்கப்படும். எல்லாப் படங்களையும் ஒரே தாளில் சேர்த்தே வெளியிடுவது நல்லது.

குவைத்தில் பிறந்த பாலஸ்தீனப் புகைப்படக் கலைஞர் லாரா புஷ்னாக்கின் ‘நான் படிக்கிறேன், நான் எழுதுகிறேன்’ 2009-இல் எகிப்தின் எழுத்தறிவு வகுப்புகளில் தொடங்கி ஏமன், ஜோர்டான், துனிசியா எனப் பல நாடுகளுக்குப் போனது. அச்சிட்ட படத்தின் மேலேயே அப்பெண்கள் தம் கையால் எழுதினார்கள். இதற்கு மேட் தாள் வேண்டும். பளபளப்பான தாளில் மை கலைந்து பரவும். எழுத இடம்விட்டுச் சட்டகம் அமையுங்கள். முகம் எங்கெல்லாம் வெளியாகும் என்பதை முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள்.

ஒரு கருத்தை உடனே உறைக்கவைக்க முதல் வழி. ஆனால் பிறருடைய வாழ்க்கையைப் படமெடுப்பவருக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன்: அங்கே விளக்கக்குறிப்பு படத்தில் இருப்பவரின் கையில் இருக்கிறது.